கொட்டாங்குச்சிக் குதிரைகளும் ஒரு கொலை வழக்கும்

புல்வெளியில் நின்றபடி ஒரு வரலாற்றுப் பேராசிரியர் கேமராவைப் பார்த்துப் பேசுகிறார். உடுத்தியிருப்பது இந்தக் காலத்து உடை, பேசுவது ஆர்தர் மன்னனின் போர்த் தந்திரம் பற்றி. பின்னாலிருந்து குளம்புச் சத்தம் வருகிறது. கவசம் அணிந்த ஒருவன் குதிரையில் பாய்ந்து வந்து, ஓட்டத்திலேயே அவர் கழுத்தை வெட்டிவிட்டுப் போய்விடுகிறான். அவர் மனைவி ஓடி வந்து உடலருகே மண்டியிடுகிறார். படம் எதுவுமே நடக்காத மாதிரி ஆர்தரின் கதைக்குத் திரும்புகிறது.

ஆர்தர் மன்னனும் அவன் வீரர்களும் புனிதக் கிண்ணத்தைத் தேடிப் போவதைக் கிண்டலாகச் சொல்லி 1975-இல் வெளிவந்த ‘மான்டி பைதான் அண்ட் தி ஹோலி கிரெயில்’ படத்தை முதல் தடவை பார்த்தபோது இந்த இடம் எனக்குப் பெரிய பிசகாகத் தோன்றியது. 932-ஆம் ஆண்டு என்று திரையில் எழுத்துப் போட்ட படத்தில் இருபதாம் நூற்றாண்டு ஆள் எப்படி வந்தார்? அப்போது நான் கன்டினியுட்டி தவறுகளை, அதாவது ஒரு ஷாட்டுக்கும் இன்னொன்றுக்கும் பொருந்தாமல் போகும் இடங்களை, தேடித் தேடி நோட்டில் எழுதி வைக்கும் பழக்கத்தில் இருந்தேன். இந்தப் படத்துக்கு மட்டும் பதினொரு பக்கம் ஓடியது. அப்புறம் மூன்றாவது, நான்காவது முறை பார்க்கும்போது அந்தப் பட்டியலில் பாதியை அடித்துவிட்டேன். ஏன் அடித்தேன் என்பதைச் சொல்லத்தான் இந்த ஆய்வு.

முதலில் படம் எந்த நிலைமையில் எடுக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். கிரஹாம் சாப்மன், ஜான் கிளீஸ், டெரி கில்லியம், எரிக் ஐடில், டெரி ஜோன்ஸ், மைக்கேல் பேலின் ஆகிய ஆறு பேரும் பிபிசி தொலைக்காட்சித் தொடரால் பெயர் பெற்றவர்கள். கதையோடு கூடிய முழுநீளப் படம் எடுத்த அனுபவம் அவர்களுக்கு இல்லை. ஜோன்ஸ், கில்லியம் இருவரும் சேர்ந்து இயக்கினார்கள். இரண்டு பேருக்குமே அதுதான் முதல் முழுநீளப் படம். பெரிய ஸ்டூடியோ எதுவும் பணம் தரவில்லை. பிங்க் ஃப்ளாய்ட், லெட் செப்பலின் போன்ற ராக் இசைக்குழுக்களும் சில இசைத்தட்டு நிறுவனங்களும் கொடுத்த காசில் படம் நகர்ந்தது. மொத்தச் செலவு மூன்று லட்சம் பவுண்டைக்கூடத் தொடவில்லை. 1974 வசந்தத்தில் ஸ்காட்லாந்தில் ஏறக்குறைய ஐந்து வாரப் படப்பிடிப்பு.

குதிரை வாங்கக் காசில்லை. அதனால் மன்னன் ஆர்தர் குதிரை மேல் இருப்பது போலத் துள்ளித் துள்ளி நடந்து வர, பின்னால் வேலையாள் பேட்ஸி இரண்டு கொட்டாங்குச்சிகளைத் தட்டிக் குளம்புச் சத்தம் எழுப்புகிறான். வானொலி நாடகங்களில் குதிரைச் சத்தத்துக்கு ஒலிக்கலைஞர்கள் பயன்படுத்திய பழைய வித்தை அது. ஒலி அறைக்குள் இருக்க வேண்டியதைத் திரைக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். இரும்புச் சங்கிலிக் கவசத்துக்கும் வசதியில்லை. கம்பளியில் பின்னி வெள்ளிச் சாயம் அடித்தார்கள். ஸ்காட்லாந்து மழையில் கம்பளி நனைந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நாள் முழுக்க ஈரத்திலும் குளிரிலும் நின்றுவிட்டு, சாயங்காலம் விடுதியில் வெந்நீர் தீர்வதற்குள் குளிக்க ஓடியதைப் பின்னாளில் அந்த நடிகர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

கோட்டைகளில்தான் பெரிய அடி விழுந்தது. ஸ்காட்லாந்தில் பல கோட்டைகளைப் பார்த்து முடிவு செய்து வைத்திருந்தார்கள். படப்பிடிப்பு நெருங்கிய நேரத்தில், அவற்றைப் பராமரிக்கும் அமைப்பு அனுமதி தர மறுத்துவிட்டது. கையில் மிஞ்சியது தனியார் வசம் இருந்த டூன் கோட்டை மட்டும். கடைசிக் காட்சிக்கு, கடலோர நீருக்கு நடுவே நிற்கும் ஸ்டாக்கர் கோட்டை கிடைத்தது. ஆக, டூன் கோட்டை ஒன்றே பிரெஞ்சுக்காரர்கள் ஆர்தரைத் திட்டித் துரத்தும் கோட்டையாகவும், ஆர்தரின் கேமலாட் அரண்மனையின் உள்கூடமாகவும், அவன் வீரன் காலஹாட் மாட்டிக்கொள்ளும் பெண்களின் கோட்டையாகவும், இன்னொரு வீரன் லான்சலாட் வாளோடு பாயும் சதுப்புநிலக் கோட்டையாகவும் மாறி மாறி வருகிறது. கல்லையும் வளைவையும் கூர்ந்து பார்ப்பவருக்கு இது தெரிந்துவிடும். என் பட்டியலின் முதல் பக்கம் முழுக்க இதுதான். தூரத்தில் தெரியும் கேமலாட்டோ வெறும் ஒட்டுப்பலகை அட்டை. அதைப் பார்த்து வீரர்கள் பரவசப்படும்போது பேட்ஸி, “அது வெறும் மாடல்தான்” என்று முணுமுணுக்கிறான். ஆர்தர் அவனை அடக்குகிறான். கண்டுபிடிக்க வேண்டிய தவறைப் படமே முந்திக்கொண்டு சொல்லிவிட்டால், அதைப் பட்டியலில் எப்படி வைப்பது? முதலில் அடித்தது இந்த வரியைத்தான்.

காலப் பிசகுகளும் அப்படித்தான். 932-இல் இங்கிலாந்தை உண்மையில் ஆண்டவர் ஏதெல்ஸ்டன். ஆர்தர் கதைகள் பேசும் காலம் அதற்கு நானூறு ஆண்டு முந்தையது. புனிதக் கிண்ணத்தைத் தேடும் கதை இலக்கியத்தில் நுழைவதோ 12-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். இங்கிலாந்தில் கோட்டைகள் பெருகியது 1066-இல் நார்மன்கள் படையெடுத்து வந்த பிறகு. டூன் கோட்டையை ஆல்பனி கோமகன் ராபர்ட் ஸ்டூவர்ட் கட்டியது 14-ஆம் நூற்றாண்டின் கடைசியில். பிணங்களை வண்டியில் அள்ளிப் போகும் காட்சி நினைவூட்டும் கொள்ளைநோய் இங்கிலாந்துக்கு வந்தது 1348-இல். இதையெல்லாம் தெரியாமல் செய்தார்கள் என்று சொல்லவே முடியாது. ஜோன்ஸ் இடைக்காலத்தில் ஊறியவர். பின்னர் இடைக்கால ஆங்கிலக் கவிஞர் சாசரின் வீரன் பாத்திரத்தைப் பற்றி ஆய்வு நூலே எழுதினார். சேற்றையும் புகையையும் அழுக்குப் பல்லையும் அவ்வளவு நம்பும்படி காட்டிய படம் ஆண்டைத் தப்பாகப் போட்டிருந்தால், யோசித்துத்தான் போட்டிருக்கும்.

பணக்குறையாலும் இல்லாமல், திட்டமிட்டும் இல்லாமல், சூழ்நிலையால் வந்து விழுந்த பிசகுகள் வேறு. அவற்றில் என்னை மிகவும் பாதித்தது மரணப் பாலத்தில் இருக்கிறது. காவல்கிழவனின் கேள்விகளுக்குப் பதில் தெரியாதவர் பள்ளத்தில் தூக்கி எறியப்படும் பாலம் அது. கிளென்கோ பள்ளத்தாக்கில் அந்தக் கயிற்றுப் பாலத்தைக் கட்டியவர் புகழ்பெற்ற மலையேற்ற வீரர் ஹேமிஷ் மக்கின்னஸ். ஆர்தராக நடித்த சாப்மனும் மலையேறிப் பழகியவர்தான். ஆனால் அப்போது அவர் குடிக்கு அடிமையாக இருந்தார். மது கிடைக்காத காலையில் கை கால் நடுங்கியது, பாலத்தில் கால் வைக்க முடியவில்லை. உடனிருந்தவர்களில் பலருக்கு அவர் நிலைமை எவ்வளவு மோசம் என்பது அன்றுதான் புரிந்தது. ஆர்தரின் உடையை உதவி இயக்குநருக்குப் போட்டு அவரைக் கடக்க வைத்தார்கள். தூரக் காட்சியில் பாலத்தின் மேல் போவது அவர்தான். இதையும் நான் ஒரு காலத்தில் “ஆள் மாறியிருக்கிறது” என்று எழுதி வைத்திருந்தேன். காரணம் தெரிந்த பிறகு அந்த வரியைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. சாப்மன் 1977 முடிவில் குடியை விட்டார், 1989-இல் இறந்தார்.

ஒரே நடிகர் பல வேடம் போடுவதால் வரும் சிக்கல் இன்னொன்று. கோட்டை மதில் மேல் நின்று ஆர்தரைக் கேவலமாகத் திட்டும் பிரெஞ்சுக்காரர் ஜான் கிளீஸ். கீழே ஆர்தரின் கூட்டத்தில் இருக்கும் லான்சலாட்டும் அதே கிளீஸ். மேலேயும் கீழேயும் தனித்தனி ஷாட்டாக வெட்டியிருப்பதால் கதை தப்பிக்கிறது. கறுப்பு வீரனும் கிளீஸ்தான். ஒவ்வொரு கையாக, காலாக இழந்துகொண்டே “வெறும் கீறல்” என்று சாதிக்கும் காட்சி அது. ஒற்றைக் காலில் நிற்கும் கட்டத்தில் உண்மையிலேயே ஒரு கால் இல்லாத ஒருவரை நிறுத்தினார்கள். முகம் முழுக்க மூடிய தலைக்கவசம் இருப்பதால் ஆள் மாறியது தெரியாது. கன்டினியுட்டியை ஒரு இரும்புத் தொப்பி காப்பாற்றியிருக்கிறது.

கூட்ட எண்ணிக்கையைக் கவனித்தால் சுவாரசியம் கூடும். ஆர்தரின் வீரர்கள் யார் யார் என்று ஒரு புத்தகத்தைப் புரட்டிப் படம் அறிமுகம் செய்கிறது. பெடிவர், லான்சலாட், காலஹாட், ராபின், கடைசியாக ‘இந்தப் படத்தில் தோன்றாத வீரர்’. அந்தக் கடைசிப் படத்தில் கவசத்துக்குள் தெரியும் குழந்தை பேலினின் மகன். ஆனால் கொலைகார முயல் குகைக்கு வரும்போது, யாரென்றே நமக்குச் சொல்லப்படாத பார்ஸ், கவெய்ன், எக்டர் என்று மூன்று பேர் திடீரென்று முளைத்து, முயலிடம் கடிபட்டுச் சாகிறார்கள். பலி கொடுக்க ஆள் வேண்டியிருந்ததால் சேர்த்திருக்கிறார்கள். இது உண்மையான ஓட்டை, நான் அடிக்கவில்லை. (அந்த வெள்ளை முயலுக்கு ரத்தம் போலச் சாயம் பூசினார்கள். கழுவினால் போய்விடும் என்று நம்பியது போகவில்லை. உரிமையாளர் வருவதற்குள் அதைத் தேய்த்துக் கழுவப் படாத பாடு பட்டிருக்கிறார்கள்.)

ராபினுக்குப் பின்னால் பாடிக்கொண்டே வரும் பாணர்கள் பாதிப் படத்துக்கு மேல் காணவில்லை. அதற்குக் கதைசொல்லி கணக்குச் சொல்லிவிடுகிறார்: கடும் குளிர்காலத்தில் பசி தாங்காமல் அவர்களைத் தின்றுவிட்டார்கள், அதில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் முதல் ஷாட்டிலிருந்து கொட்டாங்குச்சி தட்டிய பேட்ஸி எங்கே போனான்? கடைசிக் கோட்டைக்கு ஆர்தரும் பெடிவரும் மட்டுமே போகிறார்கள். பேட்ஸியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பேட்ஸியாக நடித்த கில்லியம்தான் மரணப் பாலத்தின் காவல்கிழவனும். படப்பிடிப்புக் காரணம் புரிகிறது, கதைக் காரணம் மட்டும் கிடைக்கவில்லை. அந்த விசுவாசமான ஆளுக்கு ஒரு விடைபெறும் வரி கொடுத்திருக்கலாம் என்று இன்றும் தோன்றுகிறது.

இவ்வளவு ஓட்டை உள்ள படம் ஏன் கலைந்து போகவில்லை?

படத்தின் முதல் உரையாடலைத் திரும்பக் கேட்டுப் பாருங்கள். கோட்டைக் காவலன் ஆர்தரைக் கேட்கிறான்: தேங்காய் வெப்பநாட்டுக் காய் ஆயிற்றே, இந்தக் குளிர்நாட்டில் எப்படிக் கிடைத்தது? தகைவிலான் குருவி தூக்கி வந்திருக்கலாம் என்கிறான் ஆர்தர். சின்னக் குருவி அவ்வளவு எடையைத் தூக்குமா, ஆப்பிரிக்கத் தகைவிலான் என்றால் தூக்குமா, இரண்டு குருவிகள் நடுவில் கயிறு கட்டித் தூக்கலாமா என்று பேச்சு நீள்கிறது. ஆர்தர் வெறுத்துப் போய்க் கிளம்பிவிடுகிறான். அந்தக் காட்சி அத்தோடு முடிந்தது என்றுதான் நினைப்போம். சூனியக்காரி விசாரணைக் காட்சியில் பெடிவர் முதன்முதலாகத் தோன்றும்போது என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று நிறுத்திப் பாருங்கள். ஒரு பறவையின் காலில் தேங்காயைக் கட்டிப் பறக்கவிட்டுக்கொண்டிருக்கிறார். யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. பிறகு கதைசொல்லி தூரத்தைச் சொல்லும்போது தகைவிலான் பறக்கும் தூரத்தால் அளக்கிறார், தேங்காயைக் கட்டியிருந்தால் கணக்கு மாறும் என்று திருத்தமும் சொல்கிறார். ஏறக்குறைய 80 நிமிடம் கழித்து மரணப் பாலத்தில் காவல்கிழவன் ஆர்தரைக் கேட்கும் மூன்றாவது கேள்வி, சுமையில்லாத தகைவிலானின் பறக்கும் வேகம் என்ன என்பது. “ஆப்பிரிக்கத் தகைவிலானா, ஐரோப்பியத் தகைவிலானா?” என்று ஆர்தர் திருப்பிக் கேட்கிறான். “எனக்குத் தெரியாதே” என்று சொன்ன நொடியில் கிழவனே பள்ளத்தில் தூக்கி எறியப்படுகிறான். முதல் காட்சியின் வெட்டிப் பேச்சு மன்னனின் உயிரைக் காப்பாற்றிவிட்டது.

இது ஒன்று மட்டும் இல்லை. ஆர்தருக்கு மூன்று என்று எண்ணவே வராது, ஐந்து என்பான், பக்கத்திலிருப்பவர் திருத்துவார். கொலைகார முயல் மேல் புனிதக் கைக்குண்டை எறிவதற்கு முன் வேதப் புத்தகத்திலிருந்து “மூன்று வரை எண்ணு” என்று நீட்டி முழக்கி வாசித்த பிறகும் “ஒன்று, இரண்டு, ஐந்து!” என்கிறான். செத்த வீரர்களை எண்ணும்போதும் அதே குழப்பம். வேடங்களும் கோட்டைகளும் ஆட்களும் மாறுகிறார்கள். நகைச்சுவையின் நூல் மட்டும் ஒரு இடத்தில்கூட அறவில்லை. கன்டினியுட்டி என்றால் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எவ்வளவு, தொப்பி எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பது மட்டுமே என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இந்தப் படம் கற்றுத் தந்தது இதைத்தான்.

லான்சலாட் சதுப்புநிலக் கோட்டையை நோக்கி ஓடி வரும் காட்சி எனக்கு மிகப் பிடித்தது. வாசலில் இரண்டு காவலர்கள். தூரத்தில் வாளோடு ஓடி வருகிறான். காவலர்கள் பார்க்கிறார்கள். மறுபடியும் லான்சலாட், அதே தூரம், அதே ஓட்டம். மறுபடியும் காவலர்கள். அதே ஷாட் திரும்பத் திரும்ப வருகிறது, ஆள் நெருங்கவே இல்லை. திடீரென்று எதிரே நின்று ஒரு காவலனைக் குத்திச் சாய்த்துவிட்டான். மற்றவன் நிதானமாக “ஏய்!” என்கிறான். எந்தப் படத்தொகுப்பாளரும் இதைப் பிழை என்று தூக்கி எறிந்திருப்பார். இங்கே சிரிப்பே அந்தப் பிழையில்தான் இருக்கிறது. அதற்கு எத்தனை முறை ஓட விடுவது என்ற கணக்கு மிகச் சரியாக இருக்க வேண்டும். ஒன்று குறைந்தால் தவறு மாதிரித் தெரியும், ஒன்று கூடினால் அலுத்துவிடும்.

தன் காட்சி எண்களைக்கூட இந்தப் படம் நினைவில் வைத்திருக்கிறது. பாலத்தில் கிழவனைக் கண்டதும் “இருபத்து நான்காம் காட்சியில் வந்த கிழவன்” என்கிறான் ஆர்தர். பல ஆண்டு கழித்து டிவிடியில் சேர்த்த ஒரு சிறு துண்டில், பெண்களின் கோட்டையில் நடிகை கரோல் கிளீவ்லண்ட் கேமராவைப் பார்த்து, இந்தக் காட்சியை வெட்டியிருக்க வேண்டுமா என்று கேட்கிறார். உடனே மற்ற காட்சிகளின் ஆட்கள் ஒவ்வொருவராகத் தோன்றிச் சீக்கிரம் முடிக்கச் சொல்லிக் கத்துகிறார்கள். அதில் படத்தின் கடைசியில் மட்டுமே வரும் பெரும்படையும் உண்டு. கடவுளும் உண்டு. கில்லியம் அந்தக் கடவுளுக்கு வைத்த முகம் 19-ஆம் நூற்றாண்டின் கிரிக்கெட் மேதை டபிள்யூ. ஜி. கிரேஸ் உடையது. அந்தத் தாடியைப் பார்த்தால் கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு உடனே பிடிபடும்.

சரி, கொலை வழக்குக்கு வருவோம். பேராசிரியராக நடித்தவர் ஜான் யங். முன்னதாகப் பிண வண்டிக் காட்சியில் “நான் இன்னும் சாகவில்லை” என்று சொல்லும் கிழவரும் அவர்தான். கொலைக்குப் பிறகு காவல்துறை வருகிறது. உடலைப் பார்த்துக் குறிப்பெடுக்கிறார்கள். ‘நீ’ என்று கத்தியே பயமுறுத்தும் காட்டு வீரர்களுக்கு ஆர்தர் கொண்டுவந்து வைத்த புதர்ச்செடிகள் இருந்த இடத்துக்கும் பிறகு போய்ச் சேர்கிறார்கள். முயல் குகையில் கைக்குண்டு வெடித்த சத்தம் அவர்கள் காதில் விழுகிறது. பாலத்தைக் கடந்த லான்சலாட் காணாமல் போவதும் கன்டினியுட்டி பிழை இல்லை. ஒரு நொடி வந்து போகும் ஷாட்டில் போலீஸ்காரர்கள் அவனைச் சோதனை போடுகிறார்கள். பார்வையாளர் பிசகு என்று ஒதுக்கிய துண்டுகள்தான் படத்திலேயே மிக ஒழுங்காக அடுக்கப்பட்ட கதை. ஆரம்பத் திரைக்கதையில் பாதி இடைக்காலம், பாதி நவீன காலம் என்றும், கிண்ணம் லண்டனின் ஹாரட்ஸ் கடையில் கிடைப்பதாகவும் இருந்தது. அந்த இரண்டாம் பாதியில் மிஞ்சிய தழும்பு இது என்று எடுத்துக்கொள்கிறேன்.

கடைசியில் ஆர்தர் தாக்குதலுக்குத் தயாராகிறான். அவனும் பெடிவரும் மட்டும் நின்ற கரையில் எங்கிருந்தோ பெரும்படை வந்து நிற்கிறது. ஸ்டர்லிங் பல்கலைக்கழக மாணவர்களைத் திரட்டி நிறுத்திய படை. அது எப்படி வந்தது என்று கதை சொல்வதே இல்லை, என் பட்டியலில் அதுவும் நிலைத்துவிட்டது. படை பாய்ந்து ஓடும்போது போலீஸ் வாகனம் குறுக்கே வருகிறது. பேராசிரியரின் மனைவி இறங்கி, இவர்கள்தான், நிச்சயமாக இவர்கள்தான் என்று கை காட்டுகிறார். ஒரு போலீஸ்காரர் கேடயத்தைப் பிடுங்கி, இது ஆபத்தான ஆயுதம் என்கிறார். ஆர்தரை வண்டியில் ஏற்றுகிறார்கள்.

பலமுறை பார்த்த பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. கொலை செய்தவன் வந்தது நிஜக் குதிரையில். ஆர்தரிடமோ அவன் வீரர்களிடமோ படம் முழுக்க ஒரு குதிரைகூட இல்லை, கொட்டாங்குச்சிதான் இருந்தது. முதல் காட்சியில் காவலன் அதைத்தான் கேட்டான்: உங்களிடம் குதிரை எங்கே, தேங்காயைத் தட்டிக்கொண்டு வருகிறீர்களே? அந்தக் கேள்வியைக் காவல்துறை கேட்டிருந்தால் ஆர்தரை விட்டிருப்பார்கள். வெட்டிவிட்டுப் போன குதிரைவீரன் யார் என்று படம் கடைசி வரை சொல்லவில்லை. அதற்குள் ஒரு போலீஸ்காரர் கேமராவை நோக்கி வந்து, போதும் நிறுத்து என்று சொல்லி லென்ஸைக் கையால் மூடிவிடுகிறார். திரை இருண்டு, ஆர்கன் இசை மட்டும் வெகுநேரம் ஓடிக்கொண்டிருக்கிறது.